மளிகைக் கூப்பன்: எங்கே மிச்சமாகிறது, எங்கே செலவாகிறது

மளிகைச் செலவைக் கூப்பன்களால் குறைக்க விரும்புகிறவர்கள் முதல் மாதம் எந்தக் கூப்பனையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மாதம் அண்ணாச்சி கடைத் துண்டுச்சீட்டு, சூப்பர் மார்க்கெட் பில், கைபேசிச் செயலியில் வாங்கியதற்கான ரசீது, பால் கணக்கு என வீட்டுக்குள் வரும் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் ஒரு நோட்டில் பொருளின் பெயர், வாங்கிய அளவு, கொடுத்த தொகை, கிலோவுக்கோ லிட்டருக்கோ விழுந்த விலை என நான்கு பத்திகளாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். இப்படி எழுதிப் பார்த்தபோது, மாதம் தவறாமல் வாங்கும் பொருள்கள் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. அவற்றுள்ளும் அரிசி, எண்ணெய், துவரம் பருப்பு, உளுந்து, பால் ஆகிய ஐந்து மட்டுமே செலவில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டன. கூப்பன்களோ பெரும்பாலும் பிஸ்கட், நூடுல்ஸ், குளிர்பானம், சோப்பு, சலவைத்தூள் போன்றவற்றுக்குத்தான் வருகின்றன. கூப்பன் எந்த இடத்தில் கைகொடுக்கும், எந்த இடத்தில் உதவவே உதவாது என்பதை அந்த நோட்டே காட்டிவிடும்.

நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. கூப்பனில் அச்சிட்டிருக்கும் சதவீதம் ஏறக்குறைய எப்போதும் எம்.ஆர்.பி.யிலிருந்து கழிக்கப்படுவது. ஆனால் நாம் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் எம்.ஆர்.பி.க்குக் கீழேதான் விற்றுக்கொண்டிருப்பார். ஒரு கிலோ உளுந்துப் பொட்டலத்தின் எம்.ஆர்.பி. 200 ரூபாய், கூப்பனால் 30 சதவீதம் கழிந்து 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தெருமுனைக் கடையில் அதே தரமான உளுந்து சில்லறையாக 135 ரூபாய்க்குக் கிடைக்குமானால் அந்தக் கூப்பனால் நமக்கு ஐந்து ரூபாய் நஷ்டம். எழுதி வைத்த விலை கையில் இல்லாதவருக்கு அது 60 ரூபாய் லாபமாகவே தோன்றும்.

எந்தக் கூப்பன் எப்படி நடந்துகொள்ளும்

கூப்பன் என்ற ஒரே சொல்லுக்குள் பலவிதமான சலுகைகளை நாம் அடைத்து வைத்திருக்கிறோம். தேயிலை, சலவைத்தூள் பொட்டலங்களுக்குள்ளோ மேலுறையிலோ வரும் 'அடுத்த வாங்குதலில் இவ்வளவு ரூபாய் குறைவு' என்ற அச்சுச் சீட்டு ஒன்று. நாளிதழுக்குள் செருகி வரும் கடை விளம்பரத் தாளில் வெட்டி எடுக்கும் சீட்டு இன்னொன்று. சூப்பர் மார்க்கெட்டில் பில்லுக்கு அடியில் அச்சாகி வரும் அடுத்த மாதத்துக்கான வவுச்சர், கைபேசி எண்ணைச் சொன்னால் சேரும் புள்ளிகள், செயலியில் தட்டச்சு செய்ய வேண்டிய கூப்பன் கோடு, குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு மட்டும் கிடைக்கும் கழிவு, யு.பி.ஐ.யில் பணம் செலுத்திய பின் வரும் சுரண்டல் அட்டை (ஸ்கிராட்ச் கார்டு) என்று பட்டியல் நீளும்.

இவற்றுள் அச்சுச் சீட்டே எளிமையானது, நேர்மையானதும்கூட. பொருளும் தொகையும் கெடு தேதியும் அதிலேயே இருக்கும். நாம் எப்படியும் வாங்கும் தேயிலைக்கு அது கிடைத்தால் யோசிக்க வேண்டியதில்லை. பில்லுக்கு அடியில் வரும் வவுச்சர் நம்மை அதே கடைக்கு மறுபடி இழுப்பதற்காகத் தரப்படுவது. கெடு பெரும்பாலும் சில வாரங்களே இருக்கும், அரிசி, எண்ணெய், சர்க்கரை, நெய்க்குச் செல்லாது என்ற வரி பொடி எழுத்தில் இருக்கும். சுரண்டல் அட்டையைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். வந்தால் வரவு, அவ்வளவுதான்.

நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் உணவுக் கூப்பனை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். முன்பு சொடெக்ஸோ என்ற பெயரில் கிழித்துக் கொடுக்கும் தாள்களாக வந்து, இப்போது ப்ளக்ஸீ என்ற பெயரில் அட்டையாக வருவது அது. அந்தப் பணம் தள்ளுபடி அல்ல, நம் சம்பளத்தின் ஒரு பகுதி. ஆனாலும் கூப்பன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதாலேயே பல வீடுகளில் அது ஐஸ்கிரீமுக்கும் சிப்ஸுக்கும் போய்விடுகிறது. மாத மளிகை வாங்கும்போது அதை ஏற்கும் கடையாகப் பார்த்து அரிசி, பருப்பு, எண்ணெய்க்கே முதலில் அதைச் செலவழித்துவிட்டு, மீதியைக் கைக்காசில் செலுத்துவது என்று வழக்கப்படுத்திக்கொண்டால் மாதக் கடைசியில் கையில் பணம் நிற்கும்.

பட்டியல் முதலில், கூப்பன் பிறகு

மாத மளிகைப் பட்டியலை அடுக்களையில் டப்பாக்களைத் திறந்து பார்த்து எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகே கூப்பன்கள் இருக்கும் உறையைத் திறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கூப்பன்தான் பட்டியலை எழுதும். தாள் கூப்பன்களைக் கெடு முடியும் மாதத்தின்படி இரண்டு உறைகளில் பிரித்து வைத்தால் போதும். செயலியில் இருப்பவற்றை நாட்காட்டியில் அந்தத் தேதிக் கட்டத்தில் ஒரு சொல்லாகக் குறித்துவிடலாம்.

இனி கணக்குக்கு வருவோம். பெரும்பாலான குடும்பங்கள் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று நிதானமாகவே பார்ப்போம். '1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 150 ரூபாய் தள்ளுபடி' என்ற கூப்பன் கையில் இருக்கிறது, நம் பட்டியலின் மொத்தமோ 1,180 ரூபாய். தள்ளுபடியை விடக் கூடாது என்று 320 ரூபாய்க்கு பிஸ்கட்டும் சாக்லேட்டும் சேர்த்தால் 1,500 ஆகும், 150 கழிந்து 1,350 கட்டுவோம். கூப்பனே இல்லாமல் இருந்திருந்தால் 1,180 கட்டியிருப்போம். ஆக, 150 ரூபாய் மிச்சம் என்று பில் சொன்னாலும் வீட்டிலிருந்து 170 ரூபாய் கூடுதலாக வெளியே போயிருக்கிறது. இதற்கு மாறாக, அடுத்த மாதம் நிச்சயம் தேவைப்படும் சலவைத்தூளும் தேயிலையும் அந்த 320 ரூபாய்க்குள் வருமானால், சேர்த்து வாங்குவது சரி. அடுத்த மாதச் செலவையே இப்போது செய்கிறோம், 150 ரூபாயும் உண்மையாகவே மிஞ்சும். சேர்க்கும் பொருள் நோட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்ற ஒரே கேள்வியில் இது முடிந்துவிடும்.

சதவீதக் கூப்பனில் உச்சவரம்பைப் பார்க்க வேண்டும். '20 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 100 ரூபாய்' என்றால் 500 ரூபாய்க்கு வாங்கும் வரைதான் 20 சதவீதம் கிடைக்கும். ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் அது 10 சதவீதமாகவும், இரண்டாயிரத்துக்கு வாங்கினால் 5 சதவீதமாகவும் தேய்ந்துவிடும். அதிகபட்சத் தொகையை நூறால் பெருக்கிச் சதவீதத்தால் வகுத்தால் எந்தத் தொகையில் பில்லை நிறுத்த வேண்டும் என்பது வந்துவிடும். அதே கூப்பனை இருமுறை பயன்படுத்த அனுமதி இருந்தால், ஆயிரம் ரூபாய்ப் பட்டியலை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து இரண்டு பில்களாகப் போடுவது நல்லது. ஆனால் செயலியில் ஒவ்வொரு பில்லுக்கும் டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம், குறைந்த தொகைக்கான கட்டணம் எனத் தனித்தனியே சேரும். இரண்டு பில்களுக்கும் சேர்த்துக் கட்டணம் 60 ரூபாய் என்றால் 200 ரூபாய்த் தள்ளுபடியில் கையில் நிற்பது 140 மட்டுமே. கடைசித் திரையில் வரும் தொகையை நோட்டு விலையோடு ஒப்பிட்ட பிறகே பணம் செலுத்துங்கள்.

ஒரே பொருளுக்கு இரண்டு சலுகைகள் கிடைக்கும் நாளும் உண்டு. கடையே விலை குறைத்திருக்கும் பொருளை வாங்கி, மொத்தத் தொகையில் கூப்பனைப் போட்டு, அந்த வாரம் கழிவு தரும் வங்கி அட்டையால் பணம் செலுத்தினால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். சில இடங்களில் கூப்பன் போட்டால் வங்கிக் கழிவு நின்றுவிடும். இரண்டையும் தனித்தனியே போட்டுப் பார்த்து எது அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம். கடன் அட்டையின் பாக்கியை மாதாமாதம் முழுவதும் கட்டாத வீடுகள் இந்த வழிக்கே வர வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். வட்டி ஒரே மாதத்தில் எல்லாக் கழிவுகளையும் தின்றுவிடும்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் பாதி விலை என்று பொருள். அதுவும் அந்த ஒன்றின் விலை போன மாதம் இருந்ததே என்றால்தான். நோட்டைப் புரட்டி உறுதி செய்துகொண்டு, இரண்டு பொட்டலங்களிலும் தயாரித்த தேதியையும் காலாவதித் தேதியையும் படித்துவிட்டு எடுங்கள்.

கிராமுக்கு என்ன விலை

பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள் 2021-இல் திருத்தப்பட்டு, எம்.ஆர்.பி.யோடு அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று ஆக்கப்பட்டிருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலமானால் ஒரு கிராமுக்கு என்ன விலை என்றும், கிலோவுக்கு மேற்பட்டதானால் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்றும் எம்.ஆர்.பி.க்கு அருகில் சிறிய எழுத்தில் இருக்கும். கூப்பன் பிடிப்பவர்களுக்கு இதைவிட உதவியான எழுத்து பொட்டலத்தில் வேறு எதுவும் இல்லை. பத்து ரூபாய்ப் பொட்டலம் பத்து ரூபாயாகவே இருக்க, உள்ளே இருக்கும் கிராம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருவதை அந்த எழுத்துதான் காட்டிக்கொடுக்கும்.

எண்ணெயில் கூடுதல் கவனம் தேவை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். ஒரு லிட்டர் போலவே தோன்றும் பாக்கெட்டில் 850 மில்லியோ 800 கிராமோ இருந்தால், கூப்பனால் குறைந்த பத்து ரூபாய் அந்தக் குறைவிலேயே போய்விட்டிருக்கும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியல்ல. ஷாம்புவில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ப் பாக்கெட்டுகள் பெரிய பாட்டிலைவிட மில்லிக்கு மலிவாக இருப்பது நம் வீடுகளில் பலரும் கண்டதுதான்.

எதைச் சேர்த்து வைக்கலாம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைகாலத்தில், 25 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் கிடைத்தது என்று பத்துக் கிலோ கோதுமை மாவும் மூன்று கிலோ ரவையும் வாங்கி வைத்தோம். ஆறாவது வாரம் ரவையில் வண்டு, எட்டாவது வாரம் மாவில் புழு. சலித்துப் பார்த்தும் பயனில்லை. கால்வாசியை மிச்சப்படுத்த வாங்கியதில் பாதிக்கு மேல் கொட்டினோம். அதற்குப் பிறகு மாவு, ரவை, சேமியா, கடலை மாவு ஆகியவற்றுக்கு எவ்வளவு நல்ல கூப்பன் வந்தாலும் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். மசாலாப் பொடிகளும் அப்படியே. பொட்டலம் பிரிக்காமல் இருந்தாலும் மணம் இறங்கிவிடும்.

சோப்பு, சலவைத்தூள், பாத்திரம் தேய்க்கும் பார், பற்பசை, உப்பு ஆகியவற்றை மூன்று மாதத்துக்குச் சேர்க்கலாம். உறை பிரிக்காத தேயிலையையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். கூப்பன்களும் அவற்றுக்கே அதிகம் வருவதால் ஆடித் தள்ளுபடி, ஆகஸ்ட் 15, தீபாவளி, ஜனவரி 26 ஆகிய சமயங்களில் மட்டும் அவற்றை வாங்கி ஆண்டின் பெரும்பகுதியை ஓட்டிவிட முடியும். புளி, மிளகாய் வத்தல், வரமல்லி ஆகியவற்றின் கணக்கு வேறு. மாசி முதல் சித்திரை வரை புதுச் சரக்கு இறங்கும்போது ஆண்டுத் தேவையை மொத்தமாக வாங்கி, வெயிலில் நன்றாகக் காய வைத்து, புளியைக் கொட்டை நீக்கி உப்பிட்டுப் பானையில் அடைப்பது நம் பாட்டிமார் செய்தது. எந்தச் செயலியின் கூப்பனும் அந்தப் பருவ விலையை எட்டியதாக என் நோட்டில் இல்லை.

கூப்பன் எட்டாத பெரும்பாதி

முதலில் சொன்ன ஐந்து பொருள்களுக்கு வருகிறேன். இலங்கைத் தமிழர்கள் பங்கீட்டு அட்டையையே கூப்பன் என்று சொல்லி வந்தார்கள். எனக்கு அது மிகப் பொருத்தமாகப் படுகிறது. தமிழ்நாட்டில் அரிசி வாங்கும் ரேஷன் அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியே துவரம் பருப்பு நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஒரு கிலோவில் 70 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சுகிறது, குறைந்தபட்சக் கொள்முதல் என்ற நிபந்தனையும் இல்லை. வரிசையில் நிற்கச் சலித்து இதை விட்டுவிட்டு, பத்து ரூபாய்க் கூப்பன் கோட்டுக்காக அரைமணி நேரம் கைபேசியைத் தேய்க்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. பொருள் வழங்கப்படவில்லை, எடை குறைகிறது என்றால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

கடையில் அரிசி வாங்குகிறவர்கள் மூட்டையின் எடையைக் கவனிக்க வேண்டும். பெயர்ச்சீட்டுடன் முன்கூட்டியே கட்டப்பட்ட, 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவுப் பைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது, சில்லறையாக நிறுத்துத் தருவதற்கு அந்த வரி இல்லை. தமிழகக் கடைகளில் 26 கிலோ மூட்டைகள் தலைகாட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கிலோ 60 ரூபாய் அரிசியில் 26 கிலோவுக்கு அந்த 5 சதவீதம் 78 ரூபாய் ஆகிறது. இருவகை மூட்டைகளின் விலையையும் கிலோவுக்கு வகுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காய்கறிக்குக் கூப்பன் தேடுவது வீண் வேலை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தை இன்று பல ஊர்களிலும் இருக்கிறது. விவசாயியே நேரில் விற்பதால் இடைத்தரகும் கடை வாடகையும் விலையில் ஏறுவதில்லை, அன்றைய விலையும் பலகையில் எழுதப்பட்டிருக்கும். விடியற்காலையில் போனால்தான் நல்ல காய் கிடைக்கும். கூட்டுறவுப் பண்டகசாலைகளையும் மறந்துவிட வேண்டாம். சென்னையில் 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், காமதேனு, கோவையில் சிந்தாமணி, அரசு நிறுவனமான நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் அமுதம் ஆகியவற்றின் விலையையும் உங்கள் நோட்டில் ஒரு பத்தியாக எழுதி வைத்தால், எந்த மாதம் எந்தப் பொருளை எங்கே வாங்குவது என்ற தீர்மானம் எளிதாகிவிடும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

பெரிய கடை ஒன்றின் ஆண்டுவிழாவை முன்னிட்டு 5,000 ரூபாய் வவுச்சர், இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் திறக்கவே கூடாது. கூப்பனைப் பெற வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி.யோ யு.பி.ஐ. பின் எண்ணோ ஒருபோதும் தேவைப்படாது. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

கைபேசி எண் கொடுத்தால்தான் பில் போடுவோம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. புள்ளிகள் வேண்டும் என்றால் கொடுக்கலாம். வேண்டாம் என்றால் மறுக்கலாம். நாம் கேட்காத நன்கொடையையோ காப்பீட்டையோ செயலி தானாகக் கூடையில் சேர்ப்பதும், விலையின் ஒரு பகுதியை மறைத்து வைத்துக் கடைசித் திரையில் காட்டுவதும், 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல்களின்படி தடைசெய்யப்பட்டவை. எம்.ஆர்.பி.க்கு மேல் கடைக்காரர் விற்பது குற்றம். இவற்றுக்கெல்லாம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லையும் பொட்டலத்தின் படத்தையும் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒரு சொல்: தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவு, பால் புட்டி ஆகியவற்றின் விற்பனையைத் தூண்டும் இலவசங்களை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அவற்றுக்குக் கூப்பன் தருகிறோம் என்று யாரேனும் வந்தால் அதைச் சேமிப்பாகக் கருத வேண்டாம்.

மிச்சமானதை எங்கே வைப்பது

பில்லின் அடியில் 'இன்று நீங்கள் சேமித்தது' என்று அச்சாகும் தொகை எம்.ஆர்.பி.யோடு ஒப்பிட்டது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். நோட்டில் உள்ள உங்கள் வழக்கமான விலையிலிருந்து இன்று கொடுத்த விலையைக் கழித்து, வேண்டாத பொருள் ஏதேனும் வாங்கியிருந்தால் அதன் விலையையும் கழித்து வருவதே உண்மையான மிச்சம். எங்கள் வீட்டில் அது சில மாதங்களில் 300 ரூபாய், பண்டிகை மாதங்களில் 700 ரூபாய் வரை வருகிறது. ஒன்றும் இல்லாத மாதமும் உண்டு. மளிகை வந்திறங்கிய அன்றே அந்தத் தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரமே வேறு செலவில் கரைந்துவிடும். அஞ்சலகத் தொடர் வைப்பை மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம், ஐந்து ஆண்டுகளில் முதிர்கிறது. நாங்கள் மிச்சம் இல்லாத மாதத்திலும் சமாளித்துக் கட்டக்கூடிய தொகையாக 200 ரூபாயை வைத்து என் மாமியார் பெயரில் தொடங்கியிருக்கிறோம், கூடுதலாக வருவது அடுத்த சித்திரைக்குப் புளியும் வத்தலும் வாங்குவதற்காக அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தனி டப்பாவில் சேர்கிறது.